நாலு பொத்தான்

கம்பளை
12.01.2025

அன்புத் தோழி றுமைஸாவுக்கு பாப்பம்மா ஆசையோட எழுதுறது.

உனக்குப் பக்கவாதம் வந்த பிறகு நீ போன்ல பேசுறது எனக்கு விளங்கலைன்னு கோவிச்சுக்கிட்டு வெச்சிட்ட. அதான் கடிதம்.

குண்டசாலையில, வீட்டுக்கே போய் நோயாளிகளைப் பார்த்துக்கிற வேலைக்குப் பயிற்சி குடுக்கிறாங்க. சேர்ந்துட்டேன். "அஞ்சாம் வகுப்புத்தானா, அம்மா?"ன்னு இழுத்தாங்க. "எங்க வீட்டுக்காரர் அழகையா ஒன்பது வருசம் படுக்கையில கிடந்தார். முதுகுல ஒரு புண் வர விடல நான்"னு சொன்னேன். உடனே பேரை எழுதிக்கிட்டாங்க. இப்ப பேத்தி நிஷாந்தினி என் கொப்பியைத் திருத்துறா!

சான்றிதழ் வந்ததும் முதல் வேலை உன் வீட்டுலதான். ஒரு கரண்டியைக்கூட நீ தூக்க வேணாம். ராணி மாதிரி இருக்கலாம்.

உன் பாப்பம்மா

மடவளை
21.01.2025

அன்பான பாப்பம்மாவுக்கு,

இடது கையால எழுதுறேன். கோணலா ஈக்குதுன்னு சிரிக்காத.

நோன்புக்கு முன்னால சான்றிதழ் உள்ள ஆள் கிடைக்கலைன்னா, கட்டார்ல ஈக்கிற மகன் நஸீம் என்னைக் கொழும்புல முதியோர் இல்லத்துல விடப்போறானாம். இந்த வீட்டை விட்டா நான் மௌத்தாகிருவேன். சீக்கிரம் வா.

ஆனா ஒண்டு. பக்கத்து வீட்டுப் புள்ள தலை சீவி, ஊட்டி, வாயும் துடைச்சு விடுறா. எனக்குக் கம்பூன்றி வாசலுக்குப் போக ஏலும், அதுக்கும் விடுறா இல்ல. பாசம்தான். எனக்கு அழுகை வருது. கட்டுகஸ்தோட்டத் தையல் கடையில நீயும் நானும் எத்தனை பொத்தான் தைச்சோம்! இந்த ராணி வேலை எனக்கு வேணாம்டி.

றுமைஸா

கம்பளை
09.02.2025

றுமைஸா,

நேத்துப் பரீட்சை. பெயில்.

வீரையான்னு ஒரு பெரியவர், உன்னை மாதிரி ஒரு பக்கம் விழுந்தவர். அவருக்குச் சேட்டுப் போட உதவணும். ரெண்டே நிமிசத்துல போட்டு, நாலு பொத்தானையும் பூட்டி, தலையும் சீவி விட்டேன். முதல்ல முடிச்சது நான்தான். பரீட்சை எடுத்த மிஸ் அவரைக் கேட்டாங்க, "ஐயா, நீங்க என்ன செஞ்சீங்க?"

"சும்மா கதிரையில உக்காந்திருந்தேன், மிஸ். ஆனா அம்மா நல்லாச் சீவினாங்க."

எல்லாரும் சிரிச்சாங்க. மிஸ் சிரிக்கல. "அவரோட இடது கை நல்லா இருக்கே, அம்மா. அதுக்கு நீங்க வேலையே குடுக்கலையே?"

பஸ்ஸுல வரும்போது ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. அழகையாவுக்கும் இடது கை நல்லாத்தான் இருந்துச்சு. தேத்தண்ணிக் கோப்பைக்கு நீட்டுவார். "சிந்திருவீங்க"ன்னு நான் வாங்கி ஊட்டுவேன். கொஞ்ச நாள்ல நீட்டுறதை விட்டுட்டார். அது எனக்குப் பெருமையா இருந்துச்சு, றுமைஸா.

உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படிச்சேன். 22ஆம் திகதி இன்னொரு தடவை வரச் சொல்லியிருக்காங்க. அதுலயும் பெயிலானா நோன்பு வந்துரும்.

பாப்பம்மா

கம்பளை
23.02.2025

என் றுமைஸாவுக்கு,

பாஸ்!

அதே வீரையா, அதே சேட்டு. பக்கத்துல இருந்து எப்படிப் பிடிக்கணும்னு மட்டும் சொல்லிட்டு, கையைப் பின்னால கட்டிக்கிட்டேன். மூணு பொத்தானை அவரே பூட்டிட்டார். நாலாவது வழுக்கி வழுக்கிப் போச்சு. என் விரலெல்லாம் துடிச்சுது. பதினொரு நிமிசம். பூட்டி முடிச்சிட்டு, "என்னம்மா, இன்னைக்கு உங்களுக்கு வேலையே இல்லையே"ன்னு சிரிச்சார்.

சான்றிதழைப் படம் பிடிச்சு நிஷாந்தினி நஸீமுக்கு அனுப்பினா. சரின்னுட்டான். கொழும்புப் பேச்சு இனி இல்ல.

வியாழக்கிழமை காலை பஸ்ஸுல வர்றேன். பக்கத்து வீட்டுப் புள்ளகிட்ட வாசல் கதவுத் திறப்பைக் குடுத்து வைக்காத. நீயே கம்பூன்றி வந்து கதவைத் திற. அவசரப்படாத. எவ்வளவு நேரமானாலும் வெளியில நிப்பேன்.

உன் பாப்பம்மா