அங்கிருந்து கிளம்புகிற டிக்கெட்

மார்ச் 3
மருந்துக்கடை முதலாளியிடம் பதினைந்து நாள் விடுப்பு கேட்டேன். எங்கே என்றார். "வீட்டுக்காரரைப் பார்க்க." பொய் இல்லை, பார்க்கத்தான் போகிறேன். ஆறு வருடமாக வெளிநாட்டில் இருக்கிறான். அதில் இரண்டு வருடமாக வேறொருத்தியோடு குடித்தனம். அவனுடைய பழைய அறைத்தோழர் சொல்லித்தான் தெரியும். சொல்லாமல் கொள்ளாமல் போய் அந்தக் கதவைத் தட்ட வேண்டும். திறந்ததும் அவன் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

மார்ச் 6
விசா அலுவலகத்தில் மனுவைத் திருப்பிவிட்டார்கள்.
"போறதுக்கு டிக்கெட் இருக்கு. அங்கிருந்து கிளம்புறதுக்கு?" என்றாள் கவுண்டர் பெண்.
"அது அப்புறம் எடுத்துக்குவேன்."
"கிளம்புவீங்கன்னு காட்டாம சுற்றுலா விசா கிடைக்காதுங்க."
நான் அங்கேயே ஒட்டிக்கொள்வேனாம்! எனக்குப் பத்து நிமிடம் போதும்.

மார்ச் 7
டிராவல்ஸ்காரரிடம் போனேன். அவன் முதல்முதல் வெளிநாடு போனபோது டிக்கெட் போட்டவரும் இவர்தான். நேராக வீடு திரும்புகிற டிக்கெட்டுக்கு யானை விலை சொன்னார். "அந்த நாட்டை விட்டு வெளிய போறீங்கன்னு தெரிஞ்சா போதும். எந்த ஊருக்குன்னு கேக்க மாட்டாங்க." ஒன்பதாம் நாள் பக்கத்து நாட்டில் ஏதோ கடற்கரை ஊர், அங்கே விசா வேண்டாமாம். பன்னிரண்டாம் நாள் அங்கிருந்து வீடு. ஊர்ப் பெயர் வாயில் நுழையவில்லை. போடுங்கள் என்றேன்.

மார்ச் 8
குடியைக் கெடுத்தார் மனிதர்! பழைய கோப்பில் எங்கள் இருவரையும் ஒரே குடும்பமாகப் போட்டு வைத்திருக்கிறார் — மின்னஞ்சல் அவனுடையது. என் பயண விவரம் முழுக்க அவனுக்குப் போய்விட்டது. "ஒரே வீடுதானேம்மா" என்கிறார்.
சாயங்காலம் அவன் அழைத்தான். "ஏம்மா, வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நானே ஏர்போர்ட்டுக்கு வந்துடறேன்."
ஏம்மாவாம்! ஞாயிற்றுக்கிழமை நாலு நிமிஷம் பேசவே அலுத்துக்குவான். எல்லாம் போச்சு. நான் போறதுக்குள்ள வீட்டைத் துடைச்சு வெச்சிடுவான். இனிமே விசா எதுக்கு? மனுவைக் கிழிச்சுப் போட்டுடலாமா?

மார்ச் 15
தினமும் இரண்டு தடவை பேசுகிறான். தேன் ஒழுகுகிறது. 'ம்' கொட்டுகிறேன். மனுவைக் கிழிக்கவில்லை, புது டிக்கெட்டோடு மறுபடி கொடுத்துவிட்டேன்.

மார்ச் 21
விசா கிடைத்துவிட்டது.
அறைத்தோழர் அழைத்தார். பத்து நாள் தோழி வீட்டில் இருந்துவிட்டு வா என்று அந்தப் பெண்ணிடம் இவன் சொன்னானாம். "பொண்டாட்டியே இல்லைன்னு சொன்னியே" என்று சாவியை அவன் முகத்தில் விட்டெறிந்துவிட்டு ஒரேயடியாகப் போய்விட்டாளாம். அவளையும் ஏமாற்றியிருக்கிறான். அவள்மேல் இருந்த கோபமும் இப்போது அவன்மேலேயே.
எனக்காகப் புதுத் திரைச்சீலை மாட்டியிருக்கிறானாம். ஒன்பது நாள் லீவும் போட்டிருக்கிறான்.

மார்ச் 22
டிராவல்ஸ்காரரிடம் ஒரே ஒரு தேதியை மாற்றச் சொன்னேன். தான் செய்த தப்புக்காக, தேதி மாற்றுகிற கட்டணம் வாங்கவில்லை. மின்னஞ்சல் இந்தத் தடவை என்னுடையது.

ஏப்ரல் 2
வாயில் நுழையாத ஊரிலிருந்து எழுதுகிறேன்.
நேற்று அவன் ஊரில் இறங்கினேன், வெளியே போகவில்லை. ஒன்பதாம் நாளிலிருந்து அன்றைக்கே மாற்றிப் போட்ட விமானத்துக்காக நாலு மணி நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். பாஸ்போர்ட்டில் விசா ஒட்டினபடியே இருக்கிறது.
"எல்லாரும் வெளிய வந்துட்டாங்களே, நீ எங்கேம்மா?" என்றான். வைத்துவிட்டேன். அப்புறம் முப்பத்தொரு அழைப்பு. எடுக்கவில்லை. நிற்கட்டும், கால் கடுக்க நிற்கட்டும்.
சந்தோஷமா? ஆமாம், ரொம்ப. விமானத்தில் கொஞ்சம் அழுதேன், அதுவும் உண்மை.
காலையில் அவனிடமிருந்து ஒரு செய்தி: "சமைச்சு வெச்சிருந்தேன். வீட்டுல யாருமே இல்ல."
என் வீட்டில் ஆறு வருடமாக அப்படித்தான். பதில் போடவில்லை. இன்னும் பத்து நாள் இருக்கிறது, கடலுக்குக் கிளம்புகிறேன்.