இடக்கை சல்யூட்

ஜலந்தர், அக்டோபர் 1965

அன்புள்ள அப்பாவுக்கு ஸ்தோத்திரம். நான் சுகம். உங்கள் இருமல் குறைந்ததா?

போரில் காயம்பட்ட வீரர்களுக்கு நன்றி சொல்ல, நேற்று ஊர்மக்கள் எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் சரவெடி கொளுத்தினார்கள். வார்டே மிரண்டுவிடுமே என்று தடுக்க ஓடினேன்.

"தடுக்காதீக சிஸ்டர்! அங்கன நம்மளக் கொல்ல வெடிச்சானுக, இங்கன நம்மளக் கொண்டாட வெடிக்கிறாக!" என்றார் வலக்கையை இழந்த வெம்பக்கோட்டை செல்லப்பாண்டி.

வெடிப்பெட்டியில் சிவகாசி லேபிள். "எங்கப்பா செஞ்ச வெடியாக்கும்!" என்று பீற்றிக்கொண்டேன். உடனே அவர் எழுந்து நின்று இடக்கையால் சல்யூட் அடித்தார். "இது உங்கப்பாவுக்கு!" வார்டே ஆரவாரித்தது.

கொஞ்சம் சுக்குப்பொடி அனுப்புங்கள். இங்கே தமிழில் பேச அவர் ஒருவர்தான் இருக்கிறார். அவரும் அடுத்த வாரம் ஊருக்கு வருகிறார். நம் வீட்டுக்கும் வருவார். டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. அப்பா, அவரைக் கண்டதும் எழுந்து நின்று அந்தச் சல்யூட்டைத் திருப்பிக் கொடுங்கள்.

அன்பு மகள்
கனகமணி