டெல்ஃபினாவின் நாற்பது நிமிடம்

நெப்ராஸ்கா
மே 11, 2022

அன்புள்ள எலிசேயோ அண்ணாவுக்கு,

நலம். உன் மகள் ஷியோமாரா சர்ச்சில் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மைப் படங்கள் வந்தன. அம்மா அவற்றை ஃப்ரிட்ஜில் ஒட்டி, வருகிறவர்களையெல்லாம் இழுத்துப்போய்க் காட்டுகிறார். நீதான் இரண்டு வருடமாக இந்தப் பக்கமே வரவில்லை.

ஸ்பானிஷ் பேசும் நம் ஜனங்கள் கொரோனாவில் பட்டதை நூலகத்துக்காகப் பதிவுசெய்கிறேன் என்றேன் அல்லவா? நேற்று, இறைச்சி ஆலையில் உன்னிடம் வேலைசெய்த ரொகேலியோவின் மனைவி டெல்ஃபினா வந்து நாற்பது நிமிடம் பேசினாள்.

"காய்ச்சலோட போகாதீங்கன்னு கெஞ்சினேன். எலிசேயோதான் போன்ல, 'வரலேன்னா நாளைக்கு உன் கத்தி வேற ஒருத்தன் கையில'ன்னான். போனாரு. பதினோரு நாள்ல முடிஞ்சுபோச்சு."

எதிரே இருப்பது உன் தங்கை என்று தெரிந்தேதான் சொன்னாள். நான் பதிவை நிறுத்தவில்லை. ஆகஸ்டில் நூலகத்தில் எல்லாரும் கேட்கலாம். அதற்கு முன் உனக்குத் தெரியவேண்டும்.

உன் மாரிசெலா

எல் பாசோ
மே 19

மாரிசெலா,

நீ என் தங்கையா, போலீஸா? அந்த இறைச்சி ஆலையில் நான் வெறும் சூப்பர்வைசர். மேலே இருந்தவர்கள் சொன்னதை ஸ்பானிஷில் சொன்னேன், அவ்வளவுதான். அவர்கள் பெயர் உன் பதிவில் எங்காவது இருக்கிறதா? என் பெயரை வெட்டிவிடு. இல்லையென்றால் இனி எனக்கு எழுதாதே.

எலிசேயோ

நெப்ராஸ்கா
மே 28

அண்ணா,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். உனக்காக வெட்கத்தை விட்டு டெல்ஃபினா வீட்டுக்குப் போய், உன் பெயரை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். சோள மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"எடுத்துடுடி. அப்படியே என் புருஷன் பேரையும் எடுத்துடு. யாரும் போன் பண்ணல, யாரும் வேலைக்குப் போகல, யாரும் சாகல."

நான் வெட்டமாட்டேன், அண்ணா. அவள் சொன்னது பொய் என்றால் நீ வந்து பேசு. அதையும் ஒரு சொல் குறையாமல் வைக்கிறேன்.

மாரிசெலா

எல் பாசோ
ஜூன் 9

அன்புத் தங்கைக்கு,

அவள் சொன்னது பொய் இல்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்தது பாதிதான்.

அன்று காலை ஆலை வாசலில் காய்ச்சல் பார்க்கும் கருவி என் கையில் இருந்தது. ரொகேலியோவுக்கு நூற்றிரண்டு காட்டியது. அவனும் பார்த்தான். "என்ன தலைவரே, திரும்பிப் போகட்டுமா?" என்று சிரித்தான். தாளில் தொண்ணூற்றெட்டு என்று எழுதிவிட்டு, "உள்ள போ" என்றேன். இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

பெயரை வெட்டாதே. பதினெட்டாம் தேதி வருகிறேன். முதலில் டெல்ஃபினாவிடம் சொல்லவேண்டும். உன் பதிவெல்லாம் பிறகு. அவள் கதவைத் திறக்காவிட்டால் வெளியே நின்றே சொல்லிவிடுகிறேன். நீ கூட வராதே.

எலிசேயோ