பல் படக்கூடாத அப்பம்

இன்று காலை சர்க்கரை தேடப் போய், தண்ணீரைக் கெட்டியாக்கும் அந்த மாவு டப்பா கையில் அகப்பட்டது. மூடியைத் திறந்ததும் கஞ்சிப்பசை வாடை. ஆறு மாதம் எனக்குப் பயத்தின் வாடையே அதுதான்.

பக்கவாதம் உன் வலப்பக்கத்தோடு தொண்டையையும் பிடித்துக்கொண்டது. "வெறும் தண்ணி குடுத்துடாதீங்க, நுரையீரலுக்குப் போயிடும்" என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில் உனக்கு ஒரு கவளம் ஊட்டியறியாதவன் நான். அன்றிலிருந்து லாஸ்பேட்டையில் என்னைப்போல் ஒரு கோழை கிடையாது. ஒவ்வொரு கரண்டிக்கும் உன் முகவாயைத் தாழ்த்தி, தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன். "இன்னாங்க, தண்ணியா இது? போஸ்டர் ஒட்டுற பசை" என்று குழறிக்கொண்டே திட்டுவாய்.

இவ்வளவு பயந்த நான் அந்த மாதத்து முதல் வெள்ளிக்கிழமை கோட்டை விட்டேன். கோயிலுக்குப் போக முடியாத உனக்காகப் பங்குச் சாமியார் வீட்டுக்கே நற்கருணை கொண்டுவந்தார், ஆண்டவரின் உடலாக நாம் வாங்கும் அந்த மெல்லிய அப்பத்தை. அப்பத்தைக் கிள்ளிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கலாம். ஆண்டவரிடம் அளவு பேசுவதா என்று கூச்சப்பட்டு வாயை மூடிக்கொண்டேன். நீயோ, சிறுவயதில் முதல் நற்கருணைக்கான புதுநன்மை வகுப்பில் சொன்னதைக் கடைசிவரை விடாதவள்: அப்பத்தில் பல் படக்கூடாது, தானாகக் கரைய வேண்டும். உலர்ந்த வாயில் அது எங்கே கரையும்? உணர்ச்சியில்லாத பக்கமாக நழுவி உள்ளே ஒட்டிக்கொண்டது.

"மெல்லுடி! மெல்லு!" என்று கத்தினேன். நீ தலையாட்டி மறுத்தாய். முகம் கறுத்துக்கொண்டு வந்தது. என் கண்ணெதிரே போய்விடுவாய் என்றே நினைத்தேன். உன்னை முன்னால் சாய்த்து, நாக்கோரம் வெள்ளையாகத் தெரிந்ததை விரலால் வழித்தெடுத்தேன். நீ இருமி மூச்சிழுத்த பிறகுதான், ஆண்டவரை விரல்நுனியில் வைத்துக்கொண்டு நிற்கிறேன் என்பது உறைத்தது. சாமியாரும் வெளிறிப்போயிருந்தார். "நீங்களே உட்கொள்ளுங்க" என்றார். உட்கொண்டேன்.

நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு, கோணிய வாயால், "எம் பங்கையும் நீங்களே தின்னுட்டீங்களா?" என்றாய். சாமியார்கூடச் சிரித்துவிட்டார். நான் கொல்லைப்பக்கம் போய் அழுதேன்.

அடுத்த மாதத்திலிருந்து பொட்டளவு துணுக்கைக் கெட்டித் தண்ணீரில் வைத்துக் கொடுத்தார். ஒருநாளும் புரையேறவில்லை. கடைசியில் உன்னைக் கொண்டுபோனது இரண்டாவது வாதம், மதியம் நீ தூங்கும்போது. பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். தொண்டையைத் தவிர வேறெதையும் காவல் காக்க எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

உன்னோடு அந்தப் பயமும் போய்விடும் என்றிருந்தேன். போகவில்லை. நேற்று டீக்கடையில் முன்பின் தெரியாத ஒருவர் அண்ணாந்து தண்ணீர் குடிக்கப் போனார். "குனிஞ்சி குடிங்க" என்று சொல்லியே விட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு ஏனோ, குனிந்தே குடித்தார். அவர் தொண்டை ஏறி இறங்கியது. அப்புறம்தான் நான் மூச்சு விட்டேன்.