மேளம் நின்ற வாசல்

என் அருமை அத்தாவுக்கு,

ஆண்டவன் உங்கள் மண்ணறையில் வெளிச்சத்தைக் கொடுக்கட்டும். நீங்கள் அங்கே சும்மா படுத்திருப்பீர்கள் என்று எனக்கு நம்பிக்கையில்லை. பக்கத்தில் இருப்பவரை எழுப்பி உட்கார வைத்து, நம் தெருத் திருவிழாவின் கதையை ஆரம்பித்திருப்பீர்கள். நானும் அந்தத் திருவிழாவைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். நல்ல சேதியாக எழுதத்தான் ஆசை. என்ன செய்ய, அப்படி நடக்கவில்லை. உங்களுக்கென்று எழுதுகிற இதை வேறு நாலு பேர் படித்தாலும் படிக்கட்டும், எனக்கு ஒளிக்க ஒன்றுமில்லை.

முதலில் வீட்டுச் சேதி. அம்மா இத்தா இருக்கிறாள். நீங்கள் போனதிலிருந்து வெளி ஆண்கள் யார் கண்ணிலும் படாமல் உள்ளறையே கதியென்று கிடக்கிறாள். அதனால் வாசல் கதவு எந்நேரமும் சாத்தித்தான் இருக்கிறது. தம்பி காதர் கடையைப் பார்த்துக்கொள்கிறான். பினாங்கில் இருக்கும் உங்கள் மருமகனிடமிருந்து அங்கே யுத்தம் மூண்ட பிறகு ஒரு வரிகூட இல்லை. அதைப் பற்றி நான் யாரிடமும் பேசுவதில்லை. உங்களிடமும் இப்போது வேண்டாம்.

இந்த வருஷம் மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. காஸ் லைட் கொளுத்த வழியில்லாமல், மாரியம்மன் கோயில்காரர்கள் ஊர்வலத்தை வெயில் தாழ்ந்ததுமே கிளப்பிவிட்டார்கள். நான் மாடி ஜன்னலில் போய் உட்கார்ந்தேன். சிலம்பம் வந்தது, புலி வேஷம் வந்தது, பொய்க்கால் குதிரை வந்தது. ராஜாவுக்குக் கிரீடம் பெரிதாகிவிட்டது போலிருக்கிறது, ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே ஆடினார். ராணி அவரைப் பார்த்துச் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டாள். அவர்களுக்குப் பின்னால் கரகம், அதை ஒட்டி அவனியாபுரத்து நையாண்டி மேளம்.

மேளம் நம் வாசலுக்கு வந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? சொல்லிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. நீங்கள் பன்னீர்ச் செம்போடு படியிறங்கி நிற்பீர்கள். உங்களை மாப்ள, அம்மாவைத் தங்கச்சி என்று உறவு சொல்லிக் கூப்பிடுகிற தவில்காரர் இருளப்பன் மாமா, நாயனக்காரரைக் கைகாட்டி நிறுத்திவிட்டு, தவிலில் மட்டும் உங்களுக்காக ஒரு சுற்று வாசிப்பார். நீங்கள் தொடையைத் தட்டித் தாளம் போடுவீர்கள். உங்களுக்குத் தாளம் வராது என்பது நாலு தெருவுக்கும் தெரியும். நீங்கள் தப்பான இடத்தில் தட்டுகிற வரைக்கும் காத்திருந்து, சரியாக அங்கேயே அவர் வாசிப்பை முடிப்பார். "மாப்ள, உங்களுக்குத்தான் தாளம் சுத்தம்" என்பார். தெருவே சிரிக்கும்.

இந்த முறை மேளம் தெரு முனையில் கேட்டது. நாலு வீடு தள்ளிக் கேட்டது. நம் வாசலுக்கு வந்ததும் நின்றுவிட்டது. மேலிருந்து பார்த்த எனக்கு மாமாவின் தலைப்பாகைதான் தெரிந்தது, முகம் தெரியவில்லை. கொஞ்சம் நின்றார்கள். பிறகு சத்தமில்லாமல் நடந்தார்கள். இரண்டு வீடு தாண்டியதும் மேளம் மறுபடி முழங்கியது.

நான் இறங்கி வந்து பார்த்தேன். அம்மா வாசல் கதவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். பிற்பகலில் அசர் தொழுததிலிருந்து அங்கேயேதான் இருந்திருக்கிறாள்.

"போயிட்டாகளா?" என்று கேட்டாள்.

"போயிட்டாகம்மா."

"ஒண்ணுமே வாசிக்கலையே" என்றாள். நீங்கள் போன அன்றைக்குக்கூட அவள் முகம் அப்படி விழுந்து நான் பார்க்கவில்லை.

காதர் கடையிலிருந்து வந்தான். பள்ளிவாசலைக் கடக்கும்போது மேளத்தை நிறுத்திக்கொண்டு போவது இங்கே நெடுநாள் ஏற்பாடு அல்லவா? தொழுகைக்குக் கொடுக்கிற மரியாதை என்று நாமும் அதை அப்படித்தான் எடுத்துக்கொள்கிறோம். அவன் அதையும் இதையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டான்.

"பள்ளிவாசலுக்கு நிப்பாட்டுற மாதிரியே நம்ம வீட்டுக்கும் நிப்பாட்டிட்டாங்கக்கா. அத்தா இருந்த வரைக்கும் இது மாப்ள வீடு. இப்ப சாயபு வீடு."

இது அவன் பேச்சில்லை அத்தா. பத்திரிகையும் கையுமாகக் கடையில் வந்து உட்காருகிறவர்கள், அந்த ஊரில் இப்படியாம், இந்த ஊரில் அப்படியாம் என்று சொல்லிச் சொல்லி அவன் காதில் ஏற்றிய பேச்சு. நீங்களாக இருந்தால் ஆளுக்கொரு டீயைக் கொடுத்து, வேறு பேசுங்கப்பா என்று முடித்திருப்பீர்கள். அவனுக்கு அந்தச் சாமர்த்தியம் இன்னும் வரவில்லை. எப்போது வரும்?

மறுநாள் காலையில் பால் கொண்டுவந்த பேச்சி சொல்லித்தான் எனக்கு மற்றது தெரிந்தது. அவள் வீடு கோயிலுக்குப் பக்கத்தில்.

"தம்பி இப்படிச் செய்யலாமாம்மா? விடிஞ்சதும் விடியாததுமா கோயில் வாசலுக்கு வந்து, அம்புட்டுப் பேரும் நிக்கையில சொல்லிட்டாரு. 'எங்க தர்கா சந்தனக்கூட்டுக்கு இனிமே உங்க மேளம் வேணாம், திருச்சியில பேண்டு வாத்தியம் சொல்லியாச்சு'ன்னு. இருளப்பண்ணே பாவம், 'சரிங்க மருமகனே'ன்னு ஒத்தை வார்த்தை சொல்லிட்டுத் திரும்பிக்கிட்டாரு. எங்க பயலுக சும்மா இருப்பானுகளா? 'சாமி வருதுன்னு தெரிஞ்சே கதவை இழுத்துச் சாத்துன வீடு, அவுக வாசல்ல நமக்கென்ன சோலி'ன்னு எகிறுறானுக."

நம் கதவு சாத்தியிருந்ததை அவர்கள் இப்படியா எடுத்துக்கொண்டார்கள்?

"பேச்சி, அம்மா இத்தா இருக்குன்னு உனக்குத் தெரியும்ல. நீ சொல்லக்கூடாதா?"

"எனக்குத் தெரியும்மா. ஆம்பளைக கூட்டத்துல என்னைய யாரு கேட்டா?"

அவள் சொன்னதும் சரிதான். எங்களைத்தான் யார் கேட்டார்கள்? காதருக்கு அவன் மானம். கோயில் பையன்களுக்கு அவர்கள் சாமி. நடுவில் உங்கள் காலத்து உறவு அறுந்து போகிறது. சந்தனக்கூட்டுக்கு மாமாவின் மேளம் தவிர வேறு மேளத்தை நம் தெரு பார்த்ததுண்டா?

நான் போய்ப் பேசிவிட்டு வருகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். துப்பட்டியை எடுத்து அவளே என் தலையில் போட்டுவிட்டாள்.

மத்தியானம் பேச்சியோடு பின்பக்கச் சந்து வழியாகக் கோயில் திடலுக்குப் போனேன். சின்னப் பிள்ளையில் உங்கள் தோளில் உட்கார்ந்து பார்த்த இடம். இப்போது என் காலால் நடந்து போனேன். வெயிலில் திருவிழா அசந்து கிடந்தது. ராட்டினக்காரர் ராட்டினத்தின் நிழலிலேயே தூங்கினார். பருத்திப்பால் அண்டாவைச் சுற்றி மட்டும் கூட்டம். பொய்க்கால் குதிரை ராஜா அரிதாரத்தைக் கலைக்காமல் கிரீடத்தை மட்டும் கழற்றி வைத்துவிட்டுக் கூழ் குடித்துக்கொண்டிருந்தார். மனசு சரியாயிருந்தால் நின்று பார்த்திருப்பேன். எல்லோரும் என் துப்பட்டியையே பார்த்தார்கள், நான் நடையை எட்டிப் போட்டேன்.

இருளப்பன் மாமா தவிலுக்கு வார் இழுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"மருமகளே, நீ எதுக்குத்தா இங்கன வந்த? சொல்லிவிட்டா நான் வரமாட்டனா?"

"நேத்து வாசல் வரைக்கும் வந்தீகளே மாமா. ஒரு அடி அடிக்காமத்தானே போனீக?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"துட்டி வீட்டு வாசல்ல தவிலடிக்கச் சொல்றியாத்தா? சாவு விழுந்த வீட்டைத் தாண்டுறப்ப நாங்க மேளத்தை அமத்திருவோம். அது செத்தவுகளுக்குச் செய்யிற மரியாதை. என் மாப்ளைக்கு அதைக்கூடச் செய்யலேன்னா நான் என்ன மனுசன்? துண்டை எடுத்துத் தவில் மேல போட்டுட்டு, யாராச்சும் எட்டிப் பாப்பாகன்னு நின்டேன். கதவு திறக்கல. காலையில மருமகன் வந்து அப்படிச் சொல்லவும், சரி, மாப்ளையோட எல்லாம் போச்சுன்னு நினைச்சுக்கிட்டேன்."

அத்தா, எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்துவிட்டது. அவர் உங்களுக்கு மரியாதை செய்திருக்கிறார். நாம் அதை அவமானம் என்று வாங்கி வைத்துக்கொண்டோம். அம்மா உங்களுக்காகக் கதவை அடைத்துக்கொண்டு இருக்கிறாள். அவர்கள் அதைத் தங்கள் முகத்தில் அடைத்ததாக எடுத்துக்கொண்டார்கள். அவருக்கு இத்தாவைப் பற்றி எடுத்துச் சொன்னேன். தலையிலடித்துக்கொண்டார்.

"இன்னைக்குக் கடைசி நாளு. சாயங்காலம் வந்து வாசிங்க மாமா."

"யாருக்குத்தா வாசிக்க? கேக்குறவரு போயிட்டாரே."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தெருவில் நிற்கிறவர்கள் மட்டும்தான் கேட்கிறவர்களா?

"உள்ள ரெண்டு பேரு இருக்கமே மாமா. உங்க தவிலு கேக்குதுன்னா அம்மா அடுப்பை அணைச்சுட்டு வந்து கதவுக்குப் பின்னால உக்காந்துரும். ஒரு வருசம் உங்களுக்குக் கை வீங்கி, உங்க தம்பி வாசிச்சாகல்ல? எங்க அத்தா வாசிப்புல வித்தியாசம் தெரியாம ஆகா ஆகான்னு தலையாட்டிக்கிட்டு நின்டாக. அம்மா உள்ள இருந்தே சொல்லிருச்சு, இன்னைக்கு அண்ணன் கை இல்லேன்னு."

கோபித்துக்கொள்ளாதீர்கள் அத்தா. சொல்ல வேண்டியிருந்தது, சொல்லிவிட்டேன்.

மாமா தவிலைப் பார்த்தபடியே நின்றார். "தங்கச்சி கேக்குமா? எனக்குத் தெரியாதுத்தா" என்றார்.

நான் வீடு திரும்புவதற்குள் சேதி எனக்கு முன்னால் போய்விட்டது. காதர் படியிலேயே நின்றிருந்தான். ஊர் பார்க்கக் கோயில் வாசலுக்குப் போனேனாம், அத்தா பேரைக் கெடுத்துவிட்டேனாம். கத்தட்டும் என்று விட்டுவிட்டு, மேளம் ஏன் நின்றது என்று நடந்ததைச் சொன்னேன். அவன் முகம் சுண்டிப்போனது.

"இப்ப என்ன பண்ணச் சொல்றக்கா? அம்புட்டுப் பேருக்கு முன்னாடி சொல்லியாச்சே" என்றான்.

தப்பு என்று தெரிந்துவிட்டது. திரும்பி வரத்தான் வழி தெரியவில்லை. அவனை அடிக்கவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது.

சாயங்காலம் அம்மாவும் நானும் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்தோம். மேளம் கிளம்பியது, நெருங்கியது. ஆனால் மாமா நினைத்தால் மட்டும் போதுமா? கோயில் பையன்கள் ஊர்வலத்தை முனையிலேயே அடுத்த தெருவுக்குத் திருப்பிவிட்டார்கள். சத்தம் எட்டிப் போகத் தொடங்கியது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். எனக்குக் காதரைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அப்போது நாயனம் நின்றது. தவில் மட்டும் கேட்டது. முனையில், நம் தெருப் பக்கம் திரும்பி நின்று வாசிக்கிறார் என்று கேட்டதுமே தெரிந்தது. யாரோ அதட்டினார்கள், அவர் நிறுத்தவில்லை. ஊர்வலத்தை விட்டுவிட்டுத் தனியாக நின்று வாசித்தார்.

"அண்ணன் கை" என்றாள் அம்மா. "கதவைத் திற."

"அம்மா, இத்தா…"

"நான் மறைவுல நின்னுக்குறேன். நீ திற."

திறந்தேன். அவள் கதவுப் பலகைக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டாள். படியில் காதர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். வாசித்து முடிகிற வரைக்கும் அவன் அசையவில்லை. மாமா முடித்துவிட்டு, திறந்திருந்த கதவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அம்மா மறைவிலிருந்தே பேசினாள். அவள் காதரிடம் குரலை உயர்த்தவில்லை.

"நீ வாய்விட்டுச் சொன்னதை நீதான் போயி எடுக்கணும். சந்தனக்கூட்டுக்கு வெத்தலை பாக்கு வச்சு அண்ணனைக் கூப்பிட்டு வா. பேண்டு வாத்தியம் கேக்குறதுக்கு நான் இந்தக் கதவுக்குப் பின்னால வந்து உக்கார மாட்டேன்."

அவன் படியிறங்கிப் போய்விட்டான். இன்று வரைக்கும் வெற்றிலை வைக்கவில்லை. இரண்டு முறை அவனியாபுரம் பாதை வரை போய்த் திரும்பியிருக்கிறான் என்று பேச்சி சொல்கிறாள். கடைக்கு அந்தப் பத்திரிகை படிக்கிறவர்கள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அடுத்த வருஷம் நம் தெருவுக்குள் ஊர்வலமே வராது என்று கோயில் பையன்கள் சொல்லித் திரிகிறார்களாம். ஊர்வலத்தை நிறுத்தி வைத்ததற்கு மாமாவைக் கண்டபடி பேசியிருக்கிறார்கள். வரச் சொன்னது நான். அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. சந்தனக்கூடு நெருங்கிக்கொண்டிருக்கிறது. இதெல்லாம் எங்கே போய் முடியும் அத்தா?

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். காதர் போகட்டும் என்று சந்தனக்கூட்டு மாதத்துப் பிறை தெரிகிற வரைக்கும் பொறுத்திருப்பேன். அவன் போகவில்லையென்றால், வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு நானே அவனியாபுரம் போவேன். மேளத்துக்குப் பெண் போய் வெற்றிலை வைக்கிற வழக்கமில்லை என்பார்கள். இத்தனை வருஷம் உள்ளே உட்கார்ந்து கேட்டவர்கள் நாங்கள். கூப்பிடவும் நாங்களே போகிறோம்.

உங்கள் மகளும், உங்களை மாப்ள என்றழைத்த இருளப்பனுக்கு இன்னும் மருமகளுமான,
செய்னம்பு