அக்கா உட்கார்ந்த பாத்தி

அக்கா,

இன்று காலை நம் பள்ளிக்கூடத்தின் பின்கட்டைக் கொத்தினார்கள். யுத்தத்தால் அரிசி தட்டுப்பாடு. பள்ளிதோறும் காய்கறி போட வேண்டும் என்று உத்தரவு வந்திருக்கிறது. முதல் குடம் தண்ணீர் விழுந்ததும் மண் வாசனை வகுப்புக்குள் வந்தது. கரும்பலகையில் பாதி எழுதியிருந்த கணக்கை என்னால் முடிக்க முடியவில்லை.

அங்கே முதலில் பாத்தி கட்டியது நீங்கள்தான். உறையூர்ச் சந்துக்குள் நெருக்கியடித்துக் கிடந்த நம் பெண்கள் பள்ளியில் அது வெறும் கல்லும் ஓடும் கிடந்த இடம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துக் கல் பொறுக்கினீர்கள். பாத்தியை முழம் போட்டு அளந்தே அவர்களுக்குப் பெருக்கல் வந்துவிட்டது. வகுப்பில் வாயே திறக்காத ஜைனபு ஒரு நாள், "டீச்சர், பூசணி பூ விட்டிருக்கு!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தாள். அன்று முழுக்க நீங்கள் சிரித்துக்கொண்டே இருந்தீர்கள்.

அடுத்த வாரம் என் காதில் மட்டும் சொன்னீர்கள், ஐந்து மாதம் என்று. கல்யாணமாகி எட்டு வருஷத்துக்குப் பிறகு. "ஸ்கூல் மேனேஜர் காதுக்குப் போனா வேலையை விட்டு நிறுத்திடுவாங்க. பரீட்சை வரைக்கும் ஓட்டிடறேன். யார்கிட்டயும் சொல்லிடாதம்மா."

நான் சொல்லவில்லை. ஆனால் எத்தனை நாள் தலைப்பால் மூட முடியும்? தலைமையாசிரியை உங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு திங்கட்கிழமை உங்கள் வகுப்பில் நாற்காலி இல்லை. "ரிப்பேருக்குப் போயிருக்கு," என்றார். அது திரும்பவே இல்லை. நின்று நின்று நீங்களாகவே வேலையை விட்டுவிடட்டும் என்று நினைத்தார்கள். உங்களுக்கும் புரிந்தது, எனக்கும் புரிந்தது.

மறுநாளே பிள்ளைகளைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனீர்கள். வகுப்பில் டீச்சர் தரையில் உட்காரக் கூடாது. களை எடுக்கும்போது யார் என்ன சொல்ல முடியும்? பாத்தி ஓரத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, பூகோளம் முதல் வாய்ப்பாடு வரை அங்கேயே நடத்தினீர்கள்.

பத்து நாள் போனது. பிறகு மேனேஜர் வந்து பார்த்தார். "பாடம் வகுப்புலதான் நடக்கணும். தோட்டமெல்லாம் போதும்."

நம் இரண்டு வகுப்புக்கும் நடுவில் ஒரு தட்டிதான். அன்று மத்தியானம் அதைப் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டீர்கள். முகம் வெளுத்திருந்தது. "உன் நாற்காலியில கொஞ்ச நேரம் உக்காந்துக்கட்டுமா?"

தாழ்வாரத்தில் தலைமையாசிரியை நின்றுகொண்டிருந்தார். "அப்புறம் வாங்கக்கா," என்றேன்.

அடுத்த மணி அடிப்பதற்குள் நீங்கள் விழுந்த சத்தம் கேட்டது.

ஜட்கா வண்டியில் நானும் ஏறிக்கொண்டேன். காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்தில் உங்கள் வீடு போய்ச் சேரும்வரை உங்கள் தலை என் மடியில் இருந்தது. "அவர்கிட்ட ஒண்ணும் சொல்லாதே. மனசு ஒடிஞ்சிடுவார்," என்றீர்கள். குழந்தை அன்று சாயங்காலம் இறந்தே பிறந்தது. அதற்குப் பிறகு ஜுரத்தில் நீங்கள் நாலு நாள்தான் இருந்தீர்கள்.

பத்தாம் நாள் காரியத்துக்கு வந்த என்னிடம் உங்கள் வீட்டுக்காரர் கேட்டார்: "ஸ்கூல்ல உக்கார விட்டாங்கதானே? ஒரு தடவைகூட கால் வலிக்குதுன்னு அவ சொன்னதில்லை."

"உக்காந்துதான் பாடம் எடுத்தாங்க," என்றேன்.

உங்கள் சொல்லைக் காப்பாற்றியதாக அன்று நினைத்துக்கொண்டேன். காப்பாற்றிக்கொண்டது என்னைத்தான்.

பதினோரு வருஷம் ஆகிவிட்டது. போன மாதம் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துப் படித்துறையில் அவரைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னை அடையாளம் கண்டு கையெடுத்துக் கும்பிட்டார். "கடைசி வரைக்கும் அவளுக்குத் துணையா இருந்தது நீங்க ஒருத்தர்தாம்மா," என்றார்.

நானும் கும்பிட்டேன், அக்கா. அவர் படி இறங்கிக் குளிக்கப் போகும்வரை அங்கேயே நின்றேன். அவருடைய அந்த நன்றியைச் சுமந்துகொண்டுதான் நடமாடுகிறேன். உண்மையைச் சொல்லி அதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை.