வளைவில் யாரும் நிற்கவில்லை

வியாழன், ஜமுனாமரத்தூர்.

ஷோரூமில் ஓட்டிப் பார்க்கக் கொடுத்த சின்ன மின்சார கார் மலைக்குத் தாங்கும். ஆதாரம் வண்டியின் திரையே: செங்கம் போய்த் திரும்பிய பிறகும் பேட்டரியில் பாதி மிச்சம். ஏற்றத்தில் திணறவில்லை. விலையும் எனக்கு எட்டுவதுதான்.

ஆனால் போகும்போதும் வரும்போதும் வண்டியில் நான் மட்டும்தான் இருந்தேன். என் பழைய டீசல் ஜீப் கீழ் வளைவில் உறுமினாலே, மேலே கொல்லையில் இருப்பவர்கள் புளி மூட்டையோடு ரோட்டுக்கு இறங்கிவிடுவார்கள். இன்று ஒருவரும் இல்லை.

வாரம் தவறாமல் ஜீப்பில் வரும் குப்பம்மாள் மாலையில் டீக்கடையில் பிடித்துக்கொண்டாள்.

“இன்னா சார், எங்கள வுட்டுட்டு திருடனாட்டம் போய்ட்டீங்க?”

“இந்த வண்டிக்குச் சத்தம் இல்லம்மா. இனிமே ஹாரன் அடிக்கிறேன்.”

“வளைவுல எல்லா வண்டியுந்தான் அடிக்குது. உங்களுதுன்னு எப்டி தெரியும்? ஊமை வண்டிய வாங்கிக்கினு ஒண்டியா பேசிக்கினு போங்க.”

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டில் நான் ஒருவன்தான். என் பேச்சு முழுவதும் அந்த ஜீப்பில்தான் நடக்கிறது.

ஹாரனை மூன்று முறை விட்டுவிட்டு அடிப்பதாக அவளிடம் சொல்லியிருக்கிறேன். ஷோரூமுக்குத் திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். அந்தச் சத்தத்துக்கு யாராவது இறங்கி வருவார்களா என்பது சனிக்கிழமை சந்தைக்குப் போகும்போது தெரியும்.